அம்மாவுக்குக் கணக்கு வந்த விதம்

எங்கள் அம்மா கண்மூடி, வருகிற ஆவணித் திதியோடு ஓராண்டு நிறைகிறது. அன்று வீட்டுக்கு வருகின்ற உறவினர்கள், நண்பர்கள் கையில் கொடுக்க ஒரு மலர் வெளியிடுவோம் என்று தம்பி சொன்னபோது, கட்டுரை எழுதும் பொறுப்பு மூத்தவள் என்ற முறையில் என்னிடம் வந்தது. பெற்ற தாயைப் புகழ்ந்து எழுதுவது எந்தப் பிள்ளைக்கும் கடினமில்லை. ஆனால் அம்மாவுக்கு வெறும் புகழ்ச்சி பிடிக்காது. யாரையாவது "தங்கமான மனுசன்" என்று ஒருவர் சொன்னால், "அப்பிடி என்ன செய்தவர்?" என்று கேட்பார். கேலிக்காக அல்ல; தெரிந்துகொள்ளத்தான். ஆகவே அம்மா என்ன செய்தார் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது திரியாயில். தகப்பனார் வயல் செய்தவர். ஐந்து பிள்ளைகளில் நடுப்பிள்ளையான அம்மாவுக்குப் படிப்பில் இருந்த ஆசையைப் பார்த்து, ஊர்ப் பள்ளிக்கூடம் முடிந்ததும் திருகோணமலை நகரத்தில் சின்னம்மா வீட்டில் விட்டுப் படிப்பித்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு அது பெரிய காரியம். தமிழ், சரித்திரம், சுகாதாரம் எல்லாவற்றிலும் அம்மா முன்னுக்கு நின்றார். கணக்கு வகுப்பில் மட்டும் கடைசி வாங்கில் இருந்தார்.

அதற்குக் காரணம் ஒரு சின்னக் கேள்வி. பின்னத்தைப் பின்னத்தால் பிரிக்கும்போது, பிரிக்கிற பின்னத்தைத் தலைகீழாய்த் திருப்பிப் பெருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள்.

"ஏன் சேர் திருப்ப வேணும்?" என்று அம்மா எழும்பி நின்று கேட்டிருக்கிறார்.

"திருப்பினால் விடை வரும். அதுக்காகத்தான்" என்றாராம் வாத்தியார். வகுப்பு முழுவதும் சிரித்ததாம்.

மற்றப் பிள்ளைகள் திருப்பினார்கள், பெருக்கினார்கள், அடுத்த கணக்குக்குப் போனார்கள். அம்மாவால் போக முடியவில்லை. ஏன் என்று விளங்காத ஒன்றைச் செய்ய அவருக்குக் கை ஓடாது. கொஞ்சக் காலத்தில் வகுப்பும் வீடும் சேர்ந்து, அவளுக்குக் கணக்கு ஏறாது என்று முடிவு கட்டிவிட்டன. எஸ்.எஸ்.சி. பரீட்சையை இரண்டு தரம் எழுதினார். இரண்டு தரமும் கணக்கு மட்டும் கவிழ்த்தது. நாடு சுதந்திரம் பெற்ற வருடம் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கலியாணம் நடந்தது. புத்தகங்கள் திரியாயிலேயே நின்றுவிட்டன. "நான் கணக்கில மொக்கு" என்று அம்மா, தன் உயரத்தையும் நிறத்தையும் சொல்வதுபோல், சாதாரணமாகச் சொல்லிக்கொள்வார்.

ஆனால் வீட்டில் நாங்கள் கண்ட அம்மா வேறு. அப்பா அப்போது கடற்படைத் தளத்துக் களஞ்சியக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தார். ஒரு நாள் மாலை நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்து, குடையைக் காணவில்லை, சந்தையில் எவனோ எடுத்துவிட்டான் என்று சத்தம் போட்டார். அம்மா துவாயைக் கொடுத்துவிட்டு அமைதியாகக் கேட்டார்.

"மழை எங்க வைச்சுப் பிடிச்சது?"

"கந்தோர் வாசலைத் தாண்டினவுடனே."

"அப்ப ஏன் குடையை விரிக்கேல்லை?"

அப்பா தன் வெறுங்கையைப் பார்த்தார்.

"குடை கையில இருந்திருந்தா விரிச்சிருப்பியள். சந்தைக்கு வர முந்தியே அது உங்களிட்ட இல்லை. சந்தையில ஆரையும் ஏசாதேங்கோ" என்றார் அம்மா. மறுநாள் குடை கந்தோர்க் கதிரையில் தொங்கியது. இப்படி எத்தனையோ. இதற்கும் கணக்குக்கும் சம்பந்தம் உண்டு என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்கும்தான்.

வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது, அப்பாவைப்போல் பல பேருக்கு வேலை போயிற்று. துறைமுகத்து வாசலுக்கும் சீனன்குடாவுக்கும் அப்பா வேலை கேட்டு நடந்துகொண்டிருந்த காலம் அது. எனக்கு எட்டு வயது, தம்பி என்னிலும் இளையவன். அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, எங்களோடு தங்கி நகரத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தார். அம்மாவிலும் ஏழெட்டு வயது இளையவர். மருத்துவிச்சிப் பயிற்சிக்குப் பெண்களைச் சேர்க்கிறார்கள் என்ற அறிவித்தலைப் பத்திரிகையில் கண்டவர் அவர்தான். கணிதத்தில் சித்தி, அதாவது தேர்ச்சி, வேண்டும். அம்மாவுக்கு வயதெல்லை கிட்டத்தில் இருந்தது.

அன்று சனிக்கிழமை. குசினியில் அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மாமி பத்திரிகையோடு வந்து முன்னால் குந்தினார்.

"மச்சாள், நீங்கள் இதுக்குப் போடுங்கோவன்."

"எனக்குக் கணக்கு ஏலாது, பிள்ளை. ரெண்டு தரம் எழுதிப் பாத்தனான்."

"கணக்கில எது ஏலாது?"

அம்மாவின் கை நின்றது. ஏலாது என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். எது என்று ஒருவரும் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பின்னத்தைப் பின்னத்தால பிரிக்கிறது. ஏன் திருப்பிறதெண்டு இண்டைவரைக்கும் எனக்கு விளங்கேல்லை" என்றார்.

மாமி சிரிக்கவில்லை. அரிசியைக் காட்டினார்.

"இதில ஆறு கொத்து அரிசி இருக்கெண்டு வைப்பம். அரைக் கொத்தாய் அளந்து குடுத்தா எத்தனை பேருக்குக் குடுக்கலாம்?"

"பன்ரெண்டு பேருக்கு."

"எப்பிடி?"

"ஒரு கொத்துக்கு ரெண்டு அரை. ஆறுக்குப் பன்ரெண்டு."

"ஆறை அரையால பிரிச்சியள். ஆனா ரெண்டால பெருக்கினியள்."

அம்மா நிமிர்ந்தார். மாமி தொடர்ந்தார். "சரி, இப்ப முக்கால் கொத்தாய் அளக்க வேணும். எத்தனை பேருக்கு? நான் சொல்லமாட்டன்."

அம்மா சுளகைக் கீழே வைத்தார். அரிசியைக் கையால் குவித்தார், கலைத்தார், திரும்பவும் குவித்தார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, பார்க்கவில்லை. பிறகு மெதுவாக, தனக்குத் தானே சொல்வதுபோலச் சொன்னார்: "முக்காலா ஒரேயடியா அளக்க ஏலாது. முதல் எல்லாத்தையும் கால் காலா ஆக்குவம். ஒரு கொத்துக்கு நாலு கால். ஆறு நாலு இருபத்துநாலு கால். முக்கால் எண்டா மூண்டு கால். அப்ப மூண்டு மூண்டாச் சேக்க வேணும். இருபத்துநாலில மூண்டு மூண்டா... எட்டு. எட்டுப் பேருக்கு."

"என்ன செய்தியள் மச்சாள்?"

"நாலால பெருக்கினன். மூண்டால பிரிச்சன்." அம்மா அரிசியையே பார்த்தார். "நாலு மேல போச்சு. மூண்டு கீழ வந்திட்டுது. பிள்ளை, இதுதான் அந்தத் திருப்பிறதோ!"

"ஓம். இவ்வளவுதான்."

அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "இதில ஒரு புதினமும் இல்லையே. பிறகேன் அண்டைக்கு எனக்கு இதைச் சொல்லேல்லை?"

"அந்த வாத்தியாருக்கும் ஒருத்தரும் சொல்லியிருக்கமாட்டினம், மச்சாள்" என்றார் மாமி. பிறகு அவர் சொன்னது எனக்கு இன்றும் காதில் கேட்கிறது. "நீங்கள் மொக்கு இல்லை. விளங்காததை விளங்கினது எண்டு சொல்ல உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கணக்குக்கு முதல் வேண்டினதே அந்தக் குணம்."

அன்று மத்தியானச் சோறு பிந்தித்தான் வந்தது.

அதன் பிறகு நாள்தோறும் பின்னேரம், மாமி பள்ளிக்கூடத்தால் வந்ததும் இருவரும் மேசையில் உட்காருவார்கள். அம்மா வேகமாகக் கணக்குச் செய்யமாட்டார். கடைசிவரை அந்த வேகம் வரவில்லை. ஆனால் ஒரு படியில் நன்றாகக் கால் ஊன்றிய பிறகே அடுத்த படியில் ஏறுவார். எல்லாவற்றிலும், முக்கோணம் வட்டம் என்று வரும் கேத்திரகணிதம் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. என்ன தரப்பட்டிருக்கிறது, எதை நிறுவ வேண்டும், ஒன்றிலிருந்து மற்றது எப்படி வருகிறது என்று வரிசையாக எழுதும் அந்த முறையைப் பார்த்து, "இது நான் வீட்டில கதைக்கிற மாதிரியே இருக்கு" என்றார். தன் மனம் இயல்பாக நடக்கும் பாதைக்குத்தான் கணிதம் என்று பெயர் என்பதை அம்மா அறிந்துகொண்டது அப்போதுதான்.

உறவினர் எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. "ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு இனிப் பரீட்சையோ?" என்று பெரியப்பா வீடு தேடி வந்து கேட்டார். வேலையில்லாமல் இருந்த அப்பாவுக்கு அந்தக் கேள்வி சுட்டிருக்கும். அவர் அண்ணருக்குப் பதில் சொல்லாமல் அம்மாவைப் பார்த்தார்.

"இஞ்சரும், உமக்கு ஏலுமெண்டு நீர் நினைக்கிறீரோ?"

"ஓம்" என்றார் அம்மா.

"அப்ப போய் எழுதும். பிள்ளையளை நான் பாக்கிறன்."

அப்பாவைப் பற்றி வேறொரு மலரில் எழுதும் நாள் வெகுதூரம் தள்ளியே வரட்டும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக அவரை இங்கே வணங்குகிறேன்.

பரீட்சை மண்டபத்தில், மேற்பார்வைக்கு வந்தவர் அம்மாவைப் பார்த்து, "தாய்மார் வெளியில நிக்கோணும்" என்று மரியாதையாகச் சொன்னாராம். "தாய்தான், ஆனா நான்தான் எழுதப் போறன்" என்று அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார் அம்மா. எல்லா வினாக்களுக்கும் எழுத நேரம் போதவில்லை. ஒரு தேற்றத்தின் நிறுவல் நினைவுக்கு வராமல், தெரிந்ததிலிருந்து தொடங்கித் தானே கட்டி எழுதினார். மாமி அதைக் கேட்டுவிட்டு, "புத்தகத்தில இருக்கிறது இதில்லை. ஆனா இதுவும் சரி" என்றார். முடிவு வந்தபோது சாதாரண சித்திதான். தபாற்காரர் கடிதத்தைக் கொடுத்ததும், அப்பா அதைப் படித்துவிட்டுச் சந்தைக்குப் போய் ஒரு பெரிய பாரைமீனோடு திரும்பி வந்தார்.

பயிற்சிக்காக அம்மா கொழும்பிலிருந்த காலம் எங்களுக்குக் கடினமாகத்தான் போனது. மாமியும் அப்பாவும் எங்களை வளர்த்தார்கள். பயிற்சி முடிந்து அம்மா திருகோணமலைக்கே நியமனம் பெற்று வந்தார். அப்பாவுக்கும் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை கிடைத்தது. நகரத்து ஒழுங்கைகளிலும், துறையில் தோணியேறிக் கிண்ணியாப் பக்கத்திலும், எத்தனை பிள்ளைகள் அம்மாவின் கையில் பிறந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. "மிஸி" என்று வாசலில் குரல் கேட்டால் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார்.

அறுபத்துநாலாம் ஆண்டுப் பெரும்புயலை இதைப் படிக்கும் பலரும் மறந்திருக்கமாட்டீர்கள். அதில் வீடிழந்த காசிம் காக்கா (முஸ்லிம் அயலவரை அண்ணன் முறையில் அப்படித்தான் அழைப்போம்), கிண்ணியாவிலிருந்து மனைவி பிள்ளைகளோடு எங்கள் ஒழுங்கைக்கு வாடகைக்கு வந்தார். எருமைத்தயிர் வியாபாரம். ஒழுங்கையில் பாதிப் பேர் அவரிடம் தயிர் வாங்கினோம். சில கிழமைகளில் பிள்ளைகளுக்கு டைபொயிட் எனும் நெருப்புக்காய்ச்சல் வரத் தொடங்கியது. ஒரு வீடு, அடுத்த வீடு என்று பரவி, எங்கள் தம்பியையும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. நினைவு தப்பிப் பிதற்றிக்கொண்டு கிடந்தான்.

ஒரு மாலை, ஒழுங்கை முகப்பில் கடை வைத்திருந்த கந்தையா அண்ணரின் முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். அவருடைய மகளும் காய்ச்சலில் கிடந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்த அம்மா கூட்டத்தைக் கண்டு உள்ளே போனார். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"தங்கச்சி, நல்ல நேரம் வந்தனீங்கள்" என்றார் கந்தையா அண்ணர். "காசிமின்ர தயிராலதான் இவ்வளவும். அவர் வந்த பிறகுதானே வந்தது? வீட்டுக்காரரிட்டச் சொல்லி நாளைக்கே அவையை வீட்டை விட்டு எழுப்பப் போறம்."

அம்மாவின் முகம் களைத்திருந்தது. "அண்ணை, தயிர்தான் காரணமெண்டா, தயிரை ஆர் கூடச் சாப்பிடுகினம்?"

பதிலையும் அவரே சொன்னார்.

"காசிம் காக்காவின்ர பிள்ளையள். அதில ஒண்டுக்கும் காய்ச்சல் இல்லை."

"அவையின்ர உடம்புக்குப் பழகியிருக்கும்."

"இருக்கலாம். அது எனக்குத் தெரியாது" என்று அம்மா ஒத்துக்கொண்டார். "அப்ப மற்றப் பக்கத்தால பாப்பம். தயிர் தொடாத வீட்டில காய்ச்சல் இருக்கோ?"

"இராது."

"போய்க் கேட்டனீங்களோ?"

கந்தையா அண்ணர் கோபமாக எழும்பினார். "உங்கட மகனும் அங்க கிடக்கிறான். கிடக்கேக்க நிண்டு கேள்வி கேக்கிறியளே!"

"அவன் கிடக்கிறபடியாத்தான் கேக்கிறன். பிழையான ஆளை எழுப்பிப்போட்டு நாங்கள் நிம்மதியா இருந்திட்டா, மற்றப் பிள்ளையளுக்கும் வரும். ஒரு நாள் பொறுங்கோ. நான் வீடு வீடாக் கேட்டுப்போட்டு வாறன்."

ஒரு நாள் பொறுத்தார்கள். அம்மா கேட்டுக்கொண்டு திரும்பியது இதுதான். ஒழுங்கைக் கடைசி வீட்டில் தையல் செய்த அக்காவின் மகனுக்குத் தொய்வு என்னும் மூச்சிழுப்பு இருந்ததால், அவன் வாயில் தயிர் பட்டதே இல்லை. அவனுக்கும் காய்ச்சல். சொந்தக் கிணறு உள்ள இரண்டு வீட்டார் ஒவ்வொரு நாளும் தயிர் வாங்கினார்கள். அங்கே ஒருவருக்கும் ஒன்றுமில்லை. காய்ச்சல் வந்த வீடுகள் எல்லாம் பொதுக் கிணற்றில் தண்ணீர் அள்ளிய வீடுகள். காசிம் காக்காவின் மனைவியோ, முதல் நாள் அந்தக் கிணற்றடிக்குப் போனபோது யாரோ முகம் சுளித்ததைக் கண்டு, அதன் பிறகு பெரிய தெருப் பைப்பிலேயே தண்ணீர் பிடித்தார். நாங்கள் வீட்டில் காய்ச்சிய தண்ணீர் குடித்தாலும், தம்பி குளிக்கும்போது வாளியிலிருந்து அப்படியே குடித்துவிடுவான்.

அம்மா இதைச் சொல்லி முடித்ததும், கிணற்றடியில் முகம் சுளித்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

"அப்ப கிணறுதான்" என்றார் கந்தையா அண்ணர் தணிந்த குரலில்.

"தயிர் இல்லை எண்டது தெரியும். கிணறு எண்டது இன்னும் தெரியாது. தண்ணியைச் சோதிச்சாத்தான் தெரியும். அதுவரைக்கும் எல்லாரும் காய்ச்சிக் குடிப்பம், வாயைக்கூட அதாலயே கொப்பளிப்பம். அதால ஆருக்கும் நட்டம் வராது. ஒரு குடும்பத்தை எழுப்பினா வரும்."

சுகாதாரப் பரிசோதகர் அம்மா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, அன்றே வந்து தண்ணீர் எடுத்துச் சென்றார். புயல் வெள்ளத்தில் மலகூடக் குழியின் கழிவு கிணற்றில் கலந்திருந்தது. கிணற்றை மூடி, இறைத்து, மருந்து போட்டார்கள். புதிதாக ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. தம்பி தலைமயிர் கொட்டி, எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தான். வந்த அன்றே சண்டை பிடித்தான். கந்தையா அண்ணரின் மகளும் சுகமானாள். அவர் ஒரு நாள் காலையில் காசிம் காக்காவின் படலையில் போய் நின்று, "காக்கா, ஒரு சட்டி தயிர் தாங்கோ" என்றார். "நல்லதாப் பார்த்து எடுங்க அண்ணன்" என்றார் அவர். அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. தன் ஊரில் வீடு கட்டிப் போகும்வரை காசிம் காக்கா எங்கள் ஒழுங்கையில்தான் இருந்தார்.

"அவ்வளவு நிச்சயமா எப்பிடி அம்மா நிண்டனீங்கள்?" என்று பிறகு கேட்டேன்.

"நான் நிச்சயமா இருக்கேல்லை, பிள்ளை. அவை நிச்சயமா இருந்தவை. அதுதான் எனக்குப் பயமா இருந்தது" என்றார்.

அதன் பின்னர், நகரத்தில் ஏதாவது கதை பரவி மனிதர் கலங்கிய நாட்களில், பலரும் அம்மாவிடம் வந்து கேட்கும் பழக்கம் உண்டானது. "ஆர் கண்ணால கண்டது?" என்பதுதான் அம்மாவின் முதற் கேள்வி. பாதிக் கதைகள் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிடும்.

நான் ஒருமுறை அட்சரகணிதத்தில் பூச்சியம் வாங்கி, விடைத்தாளை மறைக்காமலே அழுதுகொண்டு கொடுத்தேன். அம்மா திட்டவில்லை. ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு போய், "இந்த இடம்வரைக்கும் உன்ர யோசினை நல்லாத்தான் போகுது. இஞ்சதான் வழி மாறியிருக்கு" என்று ஒரு வரியைக் காட்டினார். பூச்சியத்துக்குள்ளும் சரியான பாதி இருந்தது என்று அறிந்த அன்றுதான் எனக்குத் துணிவு வந்தது. இன்று நான் நில அளவைக் கந்தோரில் வரைபடம் வரைகிறேன். தம்பி பொறியியல் படித்தான். எங்களைப் பற்றி யாரும் "ஏலாது" என்று சொல்ல அம்மா விடவில்லை. எது ஏலாது என்று கேட்பார். அது எப்போதும் நாங்கள் பயந்ததைவிடச் சின்னதாகவே இருக்கும்.

ஓய்வு பெறுவதற்கு முன்பே அம்மாவின் உடலில் நோய் கண்டது. "தெரிஞ்சதைச் சொல்லுங்கோ டொக்டர். தெரியாததையும் தெரியாதெண்டு சொல்லுங்கோ" என்று அவர் கேட்டபோது, அந்த இளம் வைத்தியர் கதிரையை இழுத்து அருகில் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் நேர்மையாகச் சொன்னார். சத்திரசிகிச்சையால் கூடுவது சில மாதங்களே, அதுவும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்று விளங்கியதும், அம்மா வீட்டுக்கு வர முடிவு செய்தார். அழுத எங்களுக்கு அவரே ஆறுதல் சொன்னார். அந்த மாதங்கள் நல்ல மாதங்கள். காலையில் துறைமுகத்துக் கப்பல்களை யன்னலால் பார்ப்பார். பேரப்பிள்ளைகளோடு சண்டை பிடிப்பார். அப்பா வாசிக்கும் பத்திரிகையில் பிழை பிடிப்பார். கோணேசர் கோயில் மணி கேட்ட ஒரு காலையில், அப்பாவின் கை பிடித்தபடி, வலியில்லாமல் போனார்.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கியவர்கள் பலர். நேர்மையாகக் கதைத்த வைத்தியருக்கும், வீடு தேடி வந்து ஊசி போட்ட தாதிமாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். இப்போது வேலை பார்க்கும் கொழும்பிலிருந்து லீவு போட்டு வந்து கடைசிவரை அம்மாவின் கட்டிலருகில் இருந்த மாமிக்கு நன்றி என்ற சொல் போதாது. திரியாயிலிருந்து வண்டி பிடித்து வந்த உறவினருக்கும், ஒழுங்கை அயலவருக்கும், கிண்ணியாவிலிருந்து குடும்பத்தோடு வந்து, பந்தல் பிரிக்கும்வரை நின்று உதவியவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

செத்தவீட்டிலன்று எங்களுக்கு முகம் தெரியாத எத்தனையோ பேர் வந்து நின்றீர்கள். யார் என்று கேட்கவும் எங்களுக்கு அப்போது தெம்பில்லை. இப்போது விளங்குகிறது. இந்த மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உங்களில் பலரை, நீங்கள் பிறந்த அந்த நிமிடத்தில், முதலில் ஏந்தியவை எங்கள் அம்மாவின் கைகள். வந்ததற்கு நன்றி.